இரண்டு சின்னது கேட்டது நான்தான்

அபேமாமா
ஞாயிறு மாலை

அன்பு மகள் தெரெத்தியாவுக்கு அம்மா எழுதுவது. மவுரி, வணக்கம். உடம்புக்கு இங்கே எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் அந்த முதியோர் இல்லத்து வயதானவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் என் ஜெபம். மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. காலையில் நீ கம்ப்யூட்டரில் கூப்பிட்டபோது உன் தம்பி உரியாம் தூங்குகிறான் என்று சொன்னேனே, அது பொய். அவன் வெளியே படகில் உட்கார்ந்திருந்தான், கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை.

எல்லாம் நான் செய்த வினை. தவோபா வாத்தியார் அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துவிட்டுப் படித்துப் படித்துச் சொன்னார், "நாலு ஜிபி ரேம் ரெண்டு வேணாம்மா, எட்டுல ஒண்ணே ஒண்ணு வாங்கச் சொல்லுங்க, சொருகுற எடம் ரெண்டுல ஒண்ணு உப்புக்காத்துல துருப்பிடிச்சுப் போச்சு" என்று. நான்தான் அதை விழுங்கிவிட்டு, இரண்டு சின்னதாக அனுப்பு என்று உனக்குச் சொன்னேன். ஏன் தெரியுமா, நம் ஊரில் ஒரு சாமான் வந்து இறங்கினால் உறவில் ஒருவர் கேட்டுக்கொண்டு வருவார், கேட்டால் இல்லை என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஒன்றே ஒன்று வந்தால் அது போய்விடும், இரண்டு வந்தால் கேட்பவருக்கு ஒன்று நமக்கு ஒன்று என்று நினைத்தேன். நினைத்தபடியே நடந்தது. பெட்டியைப் பிரித்த அன்றே உன் அத்தை மகன் கைதாகே வந்து, சோறும் மீனும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "மாமி, ரெண்டு வந்திருக்காமே, ஒண்ண இப்படித் தள்ளுங்க, சினிமா பாக்கறப்ப நடுவுல நின்னு நின்னு உசிர வாங்குது" என்று சிரித்தான். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கொடுத்தேன்.

மிச்சம் இருந்ததை வாத்தியார் மாட்டினார். முன்பு இருந்த இரண்டு ஜிபிக்கு இந்த நாலு மேல்தானே என்று இருந்தேன். போன ஞாயிறு உன் குரல் எனக்கு நன்றாகத்தான் கேட்டது, காது கேட்காத பிள்ளைக்குக் குரல் எதற்கு? நீ கையால் ஏதோ சொல்லத் தொடங்கினாய், கை பாதியிலேயே நின்றுவிட்டது. உரியாம் அந்தக் கையையே பார்த்தபடி காத்திருந்தான். படம் மறுபடி அசைந்தபோது நீ வேறு பேச்சுக்குப் போயிருந்தாய். இப்படி நாலைந்து தடவை, அப்புறம் எழுந்து போய்விட்டான். கைதாகேயிடம் திருப்பிக் கேட்டாலும் அதுவும் நாலுதான், மாட்ட இடமும் இல்லை. எட்டு அனுப்பு என்று உன்னிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. வந்தால் அதையும் யாராவது கேட்பார்கள், நான் கொடுத்துவிடுவேன், என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

சின்ன வயதில் நீங்கள் இருவரும் உங்களுக்குள்ளே உண்டாக்கிய கைப்பேச்சு அது. நீ இருக்கிறாயே என்று நான் கற்றுக்கொள்ளவே இல்லை. பெற்றவளுக்குத் தெரிந்தது வா, தூங்கு, மழை, சோறு, இவ்வளவுதான், இருபத்தாறு வயது ஆண்பிள்ளையோடு இதை வைத்து என்ன பேசுவது? நேற்று நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தான். வலது கையை நெஞ்சில் வைத்து, இரண்டு விரலால் கண்ணைத் தொட்டு, பிறகு கையை மடியில் போட்டான். மூன்று தடவை அதையே செய்தான். புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான், அப்புறம் வயிற்றைத் தடவி, சோறு என்றான். போட்டுக் கொடுத்தேன், ஒரு வாய்கூடத் தொடவில்லை. அவனுக்குப் பசியே இல்லை மகளே, எனக்குத் தெரிந்த வார்த்தை அது என்பதால் சொன்னான்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக, நேரத்துக்குச் சாப்பிடு. நெஞ்சு, கண், மடி, அதற்கு என்ன அர்த்தம் என்று மறக்காமல் எழுது.

உன் அம்மா,
தெபோரா