வூட்டுக்குப் போவணுமா?

கல்மண்டபம், ராயபுரம்
ஜூலை 11, வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுகிர்தத்துக்கு,

ராயபுரத்திலிருந்து கமால் எழுதுகிறேன். உங்களையும் உங்கள் வீட்டாரையும் இறைவன் நல்லபடி வைத்திருக்க வேண்டும். தூத்துக்குடி ஆபீஸ் பழகிவிட்டதா, வெயில் எப்படி என்றெல்லாம் விசாரிக்கலாம்தான். நீங்கள் என் போனையே எடுக்காதபோது வெயிலை விசாரிப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. எடுக்காதது சரிதான். நானாக இருந்தால் நம்பரையே அழித்திருப்பேன்.

இதைக் கொண்டுவருபவர் தண்டையார்பேட்டை பாத்திரக்கடை தேவப்பிரியம் அண்ணாச்சி. உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர், நம்பிக்கையான மனிதர். ஆபீஸ் தபாலில் ஏன் அனுப்பவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் மேசையில் விட்டுப்போன எவர்சில்வர் டப்பாவும் கூட வருகிறது. ஏழு மாதமாக எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. காலி டப்பாவாகத் திருப்பித் தரக் கூடாது என்று என் மனைவி ரசூல் பீவி ஒரே பிடிவாதம். மூட்டுவலியோடு அடுப்படியில் நின்று தம்ரூட் இனிப்பு செய்து வைத்திருக்கிறாள். அவளுக்குக் கோபமெல்லாம் என்மேல்தான். மகள் நவ்ரீன் கல்லூரியில் இரண்டாம் வருடம் போய்விட்டாள். அவளும் சரியாகப் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சடையங்குப்பம் பீப்பாய்க் கூடத்தைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டது அத்தனையும் உண்மை. நான் எழுதிய அறிக்கை தப்பு. அங்கே இருந்த கன்னியம்மா என்ற பெண் இப்போது தூத்துக்குடியில், உங்கள் ஆபீஸிலிருந்து அரைமணி நேரத் தூரத்தில், அடைபட்டுக் கிடக்கிறாள். அவளை நீங்கள்தான் வெளியே கொண்டுவர வேண்டும். இதைச் சொல்லத்தான் கடிதம். மற்றதெல்லாம் என் புலம்பல். ஆனாலும் புலம்பலையும் படியுங்கள், அதில்தான் வழி இருக்கிறது.

போன நவம்பரில் நம் தொழிலாளர் துறை ஆபீஸுக்கு அந்தப் புகார் வந்தது நினைவிருக்கும். ரசாயனப் பீப்பாய்களைக் கழுவி விற்கும் இடம், ஒன்பது பேர் வெளியே விடப்படாமல் வேலை செய்கிறார்கள் என்று யாரோ போனில் சொன்னார்கள். நீங்கள் சர்ச் அசனப் பந்திக்கு நாசரேத் கிளம்பிக்கொண்டிருந்தீர்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு தூரம் ரயிலேறிப் போகணுமா என்று கேலி செய்தேன். நீங்கள் விடவில்லை. ஊருன்னா அப்படித்தான் சார், உங்களுக்குத்தான் ஊரே கிடையாதே, கல்மண்டபத்துல பொறந்து கல்மண்டபத்துலயே கெடக்கியளே என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். போகும்போது, நான் வந்தப்புறம் சேர்ந்து போவோம் சார், ரெண்டே நாள் என்று சொன்னீர்கள்.

நான் காத்திருக்கவில்லை. மறுநாளே அறிக்கை கேட்டுவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அது பொய். பத்து நாள் அவகாசம் இருந்தது. சுகிர்தம் போனாத்தான் ஆளுங்க வாயத் தொறப்பாங்க என்று ஆபீஸில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. இருபத்தாறு வருடம் சர்வீஸ் போட்டவனுக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

அன்றைக்கு நல்ல மழை. ஆட்களைத் தனித்தனியாக, மேஸ்திரி இல்லாத இடத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? புதிதாக வருபவர்களுக்கு வகுப்பெடுப்பவனே நான்தான். ஆனால் ஒதுங்க ஒரே ஒரு தகரக் கூரைதான் இருந்தது. மேஸ்திரியும் அதன் கீழேதான் நின்றான். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. அதனால் கத்தினேன். முன்னால் நின்ற பெண்ணைப் பார்த்து, வூட்டுக்குப் போவணுமாம்மா? நான் அனுப்பி வெக்கிறேன், வூட்டுக்குப் போறியா? என்று கேட்டேன்.

அவள்தான் கன்னியம்மா. என் நவ்ரீனைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். கேட்ட மாத்திரத்தில் தடாலென்று என் காலில் விழுந்தாள். வேணாம் சார், வேணாம் சார், வேலை செய்யறேன் சார் என்று அழுதாள். மற்றவர்களைக் கேட்டேன். ஒவ்வொருவரும் வேண்டாம் என்று தலையாட்டினார்கள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சுகிர்தம். வேலையை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறாள், பாவம், உழைத்துப் பிழைக்கிற ஜனம் என்று நினைத்தேன். அன்று வீட்டில் சாப்பிடும்போது இதைப் பெருமையாகச் சொன்னேன். கொத்தடிமை முறை இல்லை, தொழிலாளர்கள் வீடு திரும்ப விருப்பமில்லை எனக் கைகூப்பித் தெரிவித்தனர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் கை இரண்டும் தோலுரிந்து வெளுத்திருந்தது. அதையும் பார்க்காமல் இல்லை. கையுறை வழங்க அறிவுறுத்தப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்.

நீங்கள் திரும்பி வந்து அறிக்கையைப் படித்தீர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள். எந்த வார்த்தையில சார் கேட்டீங்க, அவங்க எந்த வார்த்தையில பதில் சொன்னாங்க? அதற்கு நான், எனக்குத் தமிழ் கத்துக் குடுக்க நாசரேத்துலேருந்து ஆள் வரணுமா என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். நீங்கள் மறு ஆய்வு வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினீர்கள். அது மேலே போன மூன்றாம் வாரம் உங்களுக்கு மாற்றல் வந்தது. அதை நான் செய்யவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, அந்தம்மா இங்கே அவசியம் வேணுமா கமால் என்று கேட்டார். வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உங்க இஷ்டம் சார் என்றேன். இது உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டும்.

இனி நடந்ததைக் கேளுங்கள். ஜூன் கடைசியில் ஒரு காலை, ஒல்லியாக ஒருவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். உள்ளே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பி நடந்தார். நான்தான் பின்னால் போய்ப் படிக்கட்டில் பிடித்து நிறுத்தினேன். பெயர் மாரியப்பன், கன்னியம்மாவின் கணவர். எண்ணூருக்கு லோடு இறக்கப் போன இடத்தில் லாரியிலிருந்து குதித்துத் தப்பி வந்திருக்கிறார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். நீங்கதான சார் என் சம்சாரத்த வூட்டுக்கு அனுப்பறேன்னு சொன்னது?

ஆமாம், நான்தான் என்றேன். நல்ல காரியம் செய்யப் பார்த்தவன் என்ற தோரணையில் சொன்னேன்.

அவ இன்னா சார் தப்பு பண்ணா என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் அவரே சொன்னார். பீப்பாய்க் கூடத்தின் பின்னால் ஒரு சிமெண்டு அறை இருக்கிறது. சன்னல் கிடையாது. ஊருக்குப் போகிறேன் என்று வாய் திறந்தாலோ, உடம்பு முடியவில்லை என்று உட்கார்ந்தாலோ, மேஸ்திரி அதில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டுவிடுவான். ஒரு நாள், இரண்டு நாள், அவன் மனசுபோல. அந்த அறைக்கு அவன் வைத்த பேர் வூடு. இன்னாடா, வூட்டுக்குப் போவணுமா? இதுதான் அவன் மிரட்டல்.

அந்த மேஸ்திரி பக்கத்தில் நிற்க, பேண்ட் சட்டை போட்ட சர்க்கார் ஆள் ஒருவன் வந்து அதே வார்த்தையைக் கத்திக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? காலில்தான் விழுவாள்.

அந்த ஆட்கள் தங்கள் சொந்த இடத்தை ஒருநாளும் வீடு என்று சொன்னதில்லை. ஊரு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் சொல்வதுபோல, தேவப்பிரியம் அண்ணாச்சி சொல்வதுபோல. எனக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வராது. பண்டிகைக்கு எல்லோரும் ஊருக்குப் போகும்போது ஊரைக் காவல் காக்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் வூடுதான். நீங்கள் அன்றைக்கு இருந்திருந்தால் யோசிக்காமல் ஊருக்குப் போறியாம்மா என்று கேட்டிருப்பீர்கள். அவள் இப்போது தன் ஊரில் இருந்திருப்பாள்.

நான் ஜீப் ஏறிப் போன அரைமணி நேரத்தில் அவளை அந்த அறையில் போட்டிருக்கிறார்கள். ஆபீசர் காலைப் புடிச்சு இன்னாடி சொன்ன என்று கேட்டு மேஸ்திரி அடித்திருக்கிறான். இரண்டு நாள். சடையங்குப்பத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். அதன்பிறகு அவளை மட்டும் தனியாக லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

மாரியப்பன் வந்த மறுநாளே கோட்டாட்சியரைப் பார்த்தேன். என் அறிக்கை தவறு, சுகிர்தத்தின் குறிப்பே சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என்மேல் விசாரணை வரும், வரட்டும். அன்று மதியமே போலீசோடு போனோம். மேஸ்திரியை வெளியே நிறுத்திவிட்டு, மிச்சமிருந்த ஏழு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தேன். ஊருக்கு என்று நான் வாயெடுத்ததுதான் தாமதம், ஏழு பேரும் எழுந்துவிட்டார்கள். ஒரு அம்மா சோற்றுப் பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், கேள்வியை முடிக்கக்கூட விடவில்லை. ஏழு பேருக்கும் விடுதலைச் சான்று கிடைத்து, ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த அறைக்குள்ளும் போனேன். கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போடச் சொன்னேன். நூறு எண்ணலாம் என்று ஆரம்பித்து நாற்பதிலேயே கதவைத் தட்டிவிட்டேன். அதிலிருந்து ஆபீஸ் முடிந்து யாராவது வூட்டுக்குப் போவலியா கமால் பாய் என்று கேட்டால், எடுத்த பையை மேசையில் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுகிறேன்.

கன்னியம்மா தூத்துக்குடியில் இருப்பது எப்படித் தெரியும் என்றால், போன வாரம் ஒரு லாரி டிரைவரின் போனிலிருந்து அவளுடைய ஊர்க் கடைக்குப் பேசியிருக்கிறாள். மாரியப்பன் அங்கேதான் இருந்தார். இங்கயும் எண்ணூர்ல பார்த்த மாதிரியே பெரிய பெரிய பொகபோக்கி தெரியுது, திரும்பவும் அங்கயே கொண்டாந்து வுட்டாங்களோன்னு நெனச்சேன் என்றாளாம். டிரைவர்தான் போனை வாங்கி இடத்தைச் சொன்னார். அனல் மின் நிலையத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில், நீலப் பீப்பாய்கள் அடுக்கிய மதில் வீடு. பச்சை கேட். உள்ளே நாலைந்து பெண்கள் இருக்கிறார்களாம்.

முறைப்படி இங்கிருந்து கடிதம் வரும். அது பத்து மேசை ஏறி இறங்கி வருவதற்குள் சேதி முதலாளிக்குப் போய்விடும், அவளை வேறு எங்காவது ஏற்றிவிடுவார்கள். அதனால்தான் அண்ணாச்சி கையில் கொடுக்கிறேன். மாரியப்பனின் வாக்குமூலம், டிரைவரின் நம்பர், ஊர்க் கடை நம்பர், ஏழு பேரின் சான்று நகல் எல்லாம் உறையில் இருக்கின்றன. உங்கள் கோட்டாட்சியரை நேரில் பாருங்கள். திங்கட்கிழமைக்குள் போய்விடுங்கள். நானே வந்திருப்பேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தால் அவள் மறுபடியும் காலில்தான் விழுவாள்.

அவளிடம் போகும்போது நீங்கள் மட்டும் போங்கள். வீடு என்ற வார்த்தையை மட்டும் தயவுசெய்து எடுக்காதீர்கள். அவள் ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம் புளியங்கண்டிகை. பேரைச் சொல்லியே கேளுங்கள். மாரியப்பன் அங்கே கூரை மாற்றிக்கொண்டிருக்கிறார், மழைக்கு முன் முடித்துவிடுவார் என்றும் சொல்லுங்கள். உங்களைத் தவிர இதைக் கேட்பதற்கு எனக்கு வேறு ஆள் தெரியவில்லை. கேட்க எனக்கு முகமும் இல்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். ஊருக்கு வரா என்று மாரியப்பனுக்கு ஒரு போன் செய்தால் போதும். இந்த வருஷம் அசனத்துக்கு நீங்கள் நல்லபடியாக உங்கள் ஊர் போய்ச் சேர வேண்டும், பந்தியில் உங்கள் மனசு நிறைய வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் உங்களுக்காகத் துஆ செய்கிறேன். அதற்குள் அவளும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், சுகிர்தம். ஊருக்குப் போகலாமாம்மா என்று அவளை ஒருதடவை கேட்டுவிடுங்கள். நான் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

இப்படிக்கு,
ஊரில்லாத உங்கள் அண்ணன்,
கமால்