குறையாத தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் தண்ணீர் பாட்டிலைத்தான் முதலில் கவனித்தேன். காலையில் நான் நிரப்பிக் கொடுத்தது மாலையில் அப்படியே திரும்பி வந்தது. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். தினமும் அப்படியே வந்தது.

அம்மாவுக்கு டாக்டர் புது பிரஷர் மாத்திரை கொடுத்தார் அல்லவா? அதைப் போட்டால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. தையல் கம்பெனியில் பாத்ரூம் போக ஒரு வரிசைக்கு ஒரே அட்டை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் அவர் எல்லார் முன்னாலும், "என்னக்கா, ஊசியில நூல்கூட இத்தன தடவ அறுந்துபோகாது, நீங்க எந்திரிக்கிறீங்களே!" என்றார். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அதன் பிறகு வேலை நாட்களில் மாத்திரையும் இல்லை, தண்ணீரும் இல்லை.

கேட்டால், "மாத்திரை உசுரக் காப்பாத்தும்டி, மானத்த யாரு காப்பாத்துவா?" என்கிறாள். லீவு நாளில், விட்டதற்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்கிறாள். போன ஞாயிறு அப்படிப் போட்டவள், கண் இருட்டி அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். நல்லவேளை, அடுப்பு எரியவில்லை. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். இருக்கும் ஒரே போனும் அவளிடம்; நான் பேசும்போது பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

நேற்று கிளினிக்கில் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். அம்மா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அவர் அதை நம்பி, மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டார். பக்கத்தில்தான் நின்றேன். மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தம் வரை போகிறவள் நான், உனக்குத் தெரியாதா?

அக்கா, கூட்டிய மாத்திரையையும் அவள் இரண்டாக விழுங்கினால்? நாளை ஞாயிற்றுக்கிழமை.

வயிற்றுவலி என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல், கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பாத்ரூம் விஷயத்தை அந்த டாக்டரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் ஒப்பித்துப் பார்க்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய். திட்டாதே. தண்ணீர் குடித்தாயா என்று மட்டும் கேள். நீ கேட்டால் அவள் குடிப்பாள். நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
தங்கை

பி.கு.: கூப்பிட்டார்கள். உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சொல்லிவிட்டேன்.