கொஸ்லந்தைக்குப் போக வேண்டிய சேர்வர்

2024 மார்ச் 4

பழைய சேர்வர் இன்று கடைக்கு வந்தது. நானும் ரஜீவ் மச்சானும் அதை மாடிக்குத் தூக்கும்போதே வாய்ச்சண்டை. “மெதுவா புடிங்க” என்றேன். “நீ வாயப் புடி” என்றார். அவர் என் அக்கா விஜயலெட்சுமியின் கணவர். பதுளை பசாரில் இந்தக் கணினிக் கடை எங்கள் இருவருக்கும் பொது.

வேலை, கொஸ்லந்தையில் பஸ்லியா மிஸ் நடத்தும் டியூஷன் வகுப்புக்கு. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பத்துத் திரை வேண்டும், பத்துக் கணினி வாங்க வழியில்லை. இந்த ஒரே சேர்வருக்குள் பத்து மெய்நிகர் கணினிகளை ஓடவிட்டு, திரைக்கு ஒன்றாகக் கொடுக்க வேண்டும். அவற்றைச் சுமக்க அடியில் எந்த இயங்குதளம்? மச்சான் லினக்ஸ் என்கிறார். நான் ஃப்ரீபிஎஸ்டி. கரண்ட் போய்ப் போய் வந்தாலும் அதில் கோப்பு கெடாது. கொஸ்லந்தையின் மழையும் கரண்டும் அவருக்குத் தெரியாதா?

“சரி, நிஷாந்த். செஞ்சு காட்டு” என்றார்.

மார்ச் 9

ஃப்ரீபிஎஸ்டிக்குள் இன்னொரு ஃப்ரீபிஎஸ்டி நன்றாக ஓடுகிறது. விண்டோஸ் எழும்பவே மாட்டேன் என்கிறது. பிள்ளைகளின் பாட மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். பிராசசர் பழையது, வேண்டிய ஒரு வசதி அதில் இல்லை. நெட்பிஎஸ்டி போட்டேன், அதுவும் அதே வசதியைக் கேட்கிறது. ஓப்பன்பிஎஸ்டி தன் மெய்நிகர் கணினிக்குப் படத்திரையே தராது, வெறும் எழுத்துதான்.

அந்த வசதி இல்லாவிட்டாலும் லினக்ஸ் எப்படியோ சமாளித்துவிடும். இன்று படித்துத் தெரிந்துகொண்டேன். மச்சானிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்.

மார்ச் 12

மச்சான் கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். தெறித்த துண்டு என் கண்ணுக்குக் கீழே கிழித்தது.

“பஸ்லியா மிஸ் திரும்பத் திரும்ப ஃபோன்ல கோல் எடுக்குறாங்க. புள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. ஒன் புடிவாதத்துக்கு அதுங்களா பலி?”

சட்டையைப் பிடித்து அவரைச் சுவரோடு சாத்தினேன். கழுத்தில் என் விரல் பதிந்தது. கீழே புடவைக்கடை வைத்திருக்கும் வைரவநாதன் ஐயா ஓடிவந்து பிரித்துவிட்டார்.

மார்ச் 13

முகம் வீங்கியிருக்கிறது. பஸ்ஸில் இடித்துக்கொண்டதாக அம்மாவிடம் சொன்னேன்.

மார்ச் 16

எழுத வரவில்லை.

கடைக்குப் போனபோது மச்சான் சேர்வரின் வட்டு முழுவதையும் அழித்து லினக்ஸ் போட்டிருந்தார். நான் கட்டியது எதுவும் இல்லை. விண்டோஸ் கணினிகள் பத்தும் வரிசையாக எழும்பி நின்றன. மெதுவாகத்தான். ஆனால் ஓடின.

“ஓடுது பாரு” என்று சிரித்தார்.

சிரித்ததால்தான் அடித்தேனா? பொய். ஓடியதால் அடித்தேன்.

சேர்வரைப் பொருத்தும் இரும்புப் பட்டை மேசையில் கிடந்தது. காதோடு சேர்த்து ஓங்கி விட்டேன். விழுந்தவரை மறுபடியும் — மறுபடியும். தேங்காய் உடைவது மாதிரி ஒரு சத்தம். அவர் கையைத் தூக்கி “மச்சான், மச்சான்” என்றார். அதற்குப் பிறகும் அடித்தேன். அதை எழுதாமல் விடக்கூடாது.

படியில் இறங்கி ஓடினேன். அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது வைரவநாதன் ஐயா.

மார்ச் 17

அக்கா தோட்ட லயத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் வைத்தே குடையால் அடித்தாள். கம்பி வளையும்வரை நின்றேன். “கட்டையில போறவனே, என்னத்துக்குடா அடிச்ச? பொட்டிக்கா? ஒரு பொட்டிக்கா?” பக்கத்து வீடுகளில் கதவு திறந்து திறந்து மூடியது. அம்மா உள்ளேயே இருந்தார்.

மார்ச் 20

பொலிஸ் கேட்டதற்கு, சாமான் அடுக்கும் ராக்கை சரிந்து தலையில் விழுந்தது என்று மச்சான் சொல்லிவிட்டாராம். கேட்டதும் நிம்மதி.

மார்ச் 24

மன்னிப்புக் கேட்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. மச்சான் கட்டிலிலிருந்து பாய்ந்து என் குரல்வளையைப் பிடித்தார். “பொலிஸுக்குக் குடுக்கல்லன்னா விட்டுட்டேன்னு நெனச்சியாடா!” எனக்குக் கண் இருண்டது. திமிறினேன். நடுவில் புகுந்த அக்காவின் வாயில் பட்டது என் முழங்கையா, அவர் கையா? முன்பல் உடைந்து தரையில் விழுந்தது. அதைப் பார்த்துத்தான் இரண்டு பேரும் நின்றோம்.

அக்கா அழவில்லை. குனிந்து பல்லை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மார்ச் 25

மச்சானுக்கு இடது காது இனிக் கேட்காது.

ஏப்ரல் 2

மொனராகலை பஸ். அங்கே ஒரு ஃபோன் திருத்தும் கடையில் வேலை இருக்கிறதாம். அம்மா சாப்பாடு கட்டித் தந்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

மே 19

தனியே போய் சேர்வரைப் பொருத்திக் கொடுத்தது மச்சான்தான் என்று பஸ்லியா மிஸ் ஃபோனில் சொன்னார். பத்துத் திரையிலும் பிள்ளைகள் இருக்கிறார்களாம். கரண்ட் போனால் என்ன ஆகிறது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

பிறகு அக்காவுக்கு எடுத்தேன்.

“கோயில் திருவிழாவுக்கு வரட்டாக்கா?”

அவள் பேசியபோது பல் போன இடத்தில் காற்று போனது.

“வராதடா. அவரு ரோட்டுல போறப்ப பின்னால வார பஸ்ஸு தெரியாம முழிக்கிறாரு. நான்தான் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன். நீ வராத.”

ஜூன் 8

வெக்கை. புத்தளையிலிருந்து ஒருவர் பழைய கணினியோடு வந்தார். லினக்ஸ் தெரிந்தவர்; அதை எடுத்துவிட்டு ஃப்ரீபிஎஸ்டி போட்டு, அதற்குள் விண்டோஸை ஓடவைக்க வேண்டுமாம். பிராசசரைப் பார்த்தேன்.

“இதுல ஓடாதுங்க. லினக்ஸையே வச்சுக்கோங்க” என்றேன்.

“சரி தம்பி” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். சொல்வதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.