இரும்பு வேலை, சார்

என் செல்ல அப்பா,

பாஸாகிவிட்டேன்! ஆவடி குவார்ட்டர்ஸ் முழுக்கக் கத்திச் சொல்லியாகிவிட்டது, உங்களுக்குத்தான் கடைசியாகச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகளுக்கு வெளியுறவுப் பணி கிடைத்திருக்கிறது! அடுத்த மாதம் பயிற்சிக்குக் கிளம்புகிறேன். அவசரத்தில் எழுத்து கோணலாக வருகிறது, பரவாயில்லை.

நீங்கள் எங்களை விட்டுப் போனபோது நான் பி.ஏ. முடித்திருந்தேன். உங்களுக்குப் பதிலாக வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் தொழிற்சாலையிலேயே வேலை தருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கோ டெல்லியில் சர்வதேச உறவுகள் எம்.ஏ. படிக்க இடம் கிடைத்திருந்தது. எதிர்வீட்டு வரதன் மாமா அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, ஊர் உலகத்து சண்டைய எல்லாம் படிச்சா சோறு போடுமா? கையில கவர்மென்ட் வேலை கீது, உட்டுட்டுப் போவாதே" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லையே?

அம்மாதான் எழுந்தாள். "அந்த வேலைக்கு நான் போறேன். நீ படி" என்றாள். மார்க்கெட்டுக்குக்கூடத் தனியாகப் போகாதவள், அப்பா! அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம். நான் தேறாவிட்டால், அம்மா காலையில் சங்கு ஊதுவதற்குள் அரக்கப் பரக்க ஓடியதெல்லாம் எதற்கு?

படிப்பு எப்படி இருந்தது தெரியுமா? முதல் வருஷம் சோவியத் யூனியனைப் பற்றி விழுந்து விழுந்து படித்தேன். இரண்டாம் வருஷம் பார்த்தால் அந்த நாடே இல்லை! வாத்தியார் நோட்டை மூடச் சொல்லிவிட்டு அன்றைய பேப்பரைப் பிரித்தார். எனக்குப் புல்லரித்தது. கூடப் படித்த ஒருத்தி பத்திரிகையில் வெளிநாட்டுச் செய்தி எழுதுகிறாள். ஒருவன் அகதிகளுக்கு உதவும் வேலையில் இருக்கிறான். இன்னொருவன் தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்காக வெளிநாட்டுக்காரர்களிடம் பேரம் பேசுகிறான். வரதன் மாமாவிடம் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்லிவிட்டேன்.

நான்தான் சிவில் சர்வீஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டேன். மூன்றாவது முறை நேர்முகத் தேர்வு வரை போனேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர், "ஆவடியா? அப்பா தொழிற்சாலையில் என்ன வேலை பார்த்தார்?" என்றார். ஐ.நா. சபை பற்றிக் கேட்டிருந்தால் கொட்டித் தீர்த்திருப்பேன்! உங்கள் தொழிற்சாலையிலிருந்து தார்ப்பாய் போர்த்திய ராணுவ டாங்கிகள் ரயிலில் போவதை ஊரே பார்க்கும். "நீங்க செஞ்சதாப்பா?" என்று கேட்டால், "இரும்பு வேலை பாக்கறேன், சாப்பிடு" என்பீர்களே. வாயில் அதுதான் வந்தது.

"இரும்பு வேலை, சார்."

"எந்தப் பிரிவில்?"

"அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, சார். இப்போது அங்கே போகும் அம்மாவும் சொல்வதில்லை."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "பாதிப் பயிற்சி வீட்டிலேயே முடிந்துவிட்டது" என்றார். வெளியே வந்து அழுதேன், அப்பா. எங்களிடம் எதையுமே சொல்வதில்லை என்று உங்கள்மேல் எத்தனை நாள் கோபமாக இருந்திருக்கிறேன்!

நேற்று சாப்பிடும்போது அம்மா கேட்டாள். "அங்க போய் என்ன வேலைடி பாக்கணும்?"

"காகித வேலைம்மா. சாப்பிடு."

என்னையே முறைத்துப் பார்த்தாள். பிறகு, "அப்படியே உங்கப்பா" என்று சொல்லி, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

போகிற ஊரிலிருந்தெல்லாம் உங்களுக்கு எழுதுவேன். என்ன சாப்பிட்டேன், குளிர் எப்படி, யார் என்னைச் சிரிக்கவைத்தார்கள், எல்லாம் எழுதுவேன். வேலையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எழுத மாட்டேன், உங்களுக்குக்கூட. இது சத்தியம்.

என்றும் உங்கள் வாயாடி மகள்,
மல்லிகா