பாணியும் பானியும்

இன்று காலை வாட்டர்கலர் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று அந்தக் கோந்து வாசனை. உடனே உன் ஞாபகம்தான். நீ இல்லாமல் போனாலும் உன்னிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். அடக்கி வைக்க என்னால் முடியவில்லை, அவ்வளவு சந்தோஷம்!

டெல்லி மயூர் விஹார் பார்க்கில், குளிர்கால ஞாயிறுகளில் வெயில் காய்ந்துகொண்டே இருவரும் வரைவோமே. நீ மதுரையிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். நான் இங்கேயே பிறந்து இந்தியில் கனவு காண்கிறவள். ஒருநாள் என் படத்தைப் பார்த்து, "எல்லாஞ் சரிதான்டி, உனக்குன்னு ஒரு பாணி இல்லையே" என்றாய். எனக்கு எங்கே அந்தத் தமிழெல்லாம் தெரியும்? என் காதில் விழுந்தது இந்திக்காரர்களின் 'பானி', தண்ணீர். பாட்டிலைத் திறந்து படத்தின் மேல் தாராளமாக ஊற்றினேன். வரைந்த வேப்பமரம் கரைந்து உன் புடவைக்கு ஓடியது. "அடிப்பாவி! பாணின்னா ஸ்டைலுடி!" என்று தலையில் அடித்துக்கொண்டாய். அப்புறம் பக்கத்து பெஞ்சு ஆன்ட்டிகள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

நீ போன பிறகும் வரைந்தேன். போனில் இலவச வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து வரைந்ததிலேயே ஒரு அலமாரி நிறைந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் 'சூப்பர்' என்றார்கள். எனக்குத்தான் எங்கேயோ இடித்தது. எங்கே என்று சொல்ல ஆளில்லை. அலுத்துப்போய், தூரிகையையே தூக்கிப் போட்டுவிடலாம் என்றிருந்தபோதுதான் அந்த ஆன்லைன் ஓவிய வகுப்பின் விளம்பரம் கண்ணில் பட்டது. கட்டணத்தைப் பார்த்ததும் பகீர் என்றது.

"எல்லாம் நெட்ல ஃப்ரீயா இருக்கும்மா, எதுக்கு பேகார்ல பைசா வேஸ்ட்?" என்றாள் என் மகள். அவள் சொன்னதும் நியாயம்தான். ஆனால் முதல் வகுப்பு இலவசம் என்றார்களே, நேற்று உட்கார்ந்துவிட்டேன்.

வரைந்ததைக் கேமராவில் காட்டச் சொன்னார்கள். டீச்சர் என் மகள் வயதுப் பெண். 'வாவ்' என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவளோ ஸ்கிரீன் பக்கம் குனிந்து உற்றுப் பார்த்து, "ஆன்ட்டிஜி, பானி தோடா கம் கீஜியே" என்றாள். தண்ணீரைக் குறைக்க வேண்டுமாம்! மைக்கை அணைக்கக்கூடத் தோன்றாமல் கடகடவென்று சிரித்துவிட்டேன். பாவம், அந்தப் பெண் மிரண்டே போனாள். தண்ணீரைக் குறைத்து மறுபடி வரைந்தேன். அம்மாடி, இலை இலையாக நின்றது! இத்தனை நாளும் எனக்கு இடித்தது அதுதான்.

மகளிடம் காட்டினேன். "தண்ணிய குறைன்னு சொல்றதுக்கா இவ்ளோ ஃபீஸ்?" என்றாள்.

"வீடியோவ நான் பாக்கறேன்டி. அது என் படத்தப் பாக்குமா?"

இன்று காலை பணத்தைக் கட்டிவிட்டேன்.

உன்னோடு வரைந்ததில் ஒட்டிக்கொண்ட ஒரு பழக்கம் மட்டும் என்னைவிட்டுப் போகவே இல்லை. படம் முடிந்ததும் இடப்பக்கம் திருப்பிப் பிடிப்பேன், நீ உட்காரும் பக்கம். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருப்பேன். நேற்று வகுப்புக்காக, யோசிக்காமலே லேப்டாப்பை நான் வைத்ததும் அந்தப் பக்கம்தான்.