ஒரே பஸ்ஸில் வந்திருக்கலாம்

என் செல்ல மகனுக்கு,

உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், நீயும் மருமகளும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுத்தால் பேசிவிடலாமே, இவளுக்கு எதற்கு இந்தக் காலத்தில் கடிதம் என்று நினைப்பாய். உன் தங்கையும் அதையேதான் கேட்டாள், "அஞ்சாங்கிளாஸ் படிச்சுட்டு என்னம்மா பெரிய ஆபீசர் மாதிரி பேனாவைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கே, நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றாள். உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போடி என்று விரட்டிவிட்டேன். போனில் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாகக் கிண்டலுக்குப் போய்விடுகிறது. காகிதம் திருப்பிப் பேசாது, அதனால் அதை வம்புக்கு இழுக்க முடியவில்லை. அதுதான் காரணம்.

முதலில் வீட்டுச் சங்கதி. உன் தங்கை பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை, உடனே எட்டி உள்ளே பார்த்து இரண்டு சொத்தை இருக்கிறது என்கிறாள். உன் அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் சரி பண்ணிக்கொடுத்து எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டு, இவர் மட்டும் நம் கட்டடத்தில் நாலு மாடி படியேறி வந்து முனகுகிறார். எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்தில் புதிதாக ஓர் இஸ்திரி உருளை வந்திருக்கிறது. பழையது போர்வையின் மூலையைத் தின்னும், இது முழுசாகத் தின்னப் பார்க்கிறது. நானும் என்னோடு வேலை பார்க்கிற குள்ளக்காவும் இந்தப் பக்கம் நின்று ஈரத்தோடு கொடுத்தால் அந்தப் பக்கம் அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு வந்து விழுகிறது. கை சுட்டுப் பொரிந்துவிட்டது, பயப்படாதே, மருந்து போட்டாயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன், வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு படம் போட்டார்கள். ஒரு பொம்பளை, என் வயதுதான் இருக்கும், கையில் ஒரு பூச்செடித் தொட்டியோடு அக்காவைப் பார்க்க எங்கேயோ கிளம்புகிறாள். நடுவழியில் ஏதோ ஒரு ஊரில் பனி கொட்டி விமானமெல்லாம் நின்றுபோகிறது. அவள் விமான நிலையத்திலேயே கிடக்கிறாள். பாத்ரூம் குழாயில் தண்ணீர் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறாள், கை கழுவ வந்தவர்களை நகரச் சொல்லிவிட்டு ஊற்றுகிறாள், அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பில் உன் தங்கை என் பல்லை முழுசாக எண்ணிவிட்டாள். காப்பிக் கடைப் பெண் மிச்ச ரொட்டியைக் கொடுக்கிறாள், காவலாளி தன் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிடுகிறான், போகப்போக அந்த இடமே ஒரு குடும்பம் மாதிரி ஆகிவிடுகிறது. ஓர் இடத்தில் அந்தக் காவலாளி கேட்கிறான், ஏன் இங்கேயே படுத்துக் கிடக்கிறீர்கள், ஊருக்குள்ளே போகக்கூடாதா என்று. அவள் சொல்கிறாள், எனக்கு இந்த ஊரில் யாரும் இல்லை என்று. கடைசியில் எல்லோரும் கூடி அவளை வழியனுப்புகிறார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் புளுகினேன்.

மறுநாள் மருமகளுக்குப் போன் போட்டு இந்தக் கதையை நடித்தே காட்டினேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. மெதுவாகச் சொல்கிறாள், "அத்தை, உங்க பிள்ளையும் இப்படித்தான் ரெண்டு ராத்திரி கிடந்தாரு." எப்போடி, எந்த ஊரில் என்று கேட்டேன். "உங்க ஊர்லதான் அத்தை. போன மழைக்கு வந்துட்டுத் திரும்பினாரே, அப்போ. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னாரு." அவளைத் திட்டாதே ராசா, நான் பிடுங்கித்தான் எடுத்தேன்.

அந்தப் பொம்பளைக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. உனக்கு ஒரே பஸ் தூரத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்.

நீ கிளம்பின அன்றைக்கு நடந்ததை அதற்கப்புறம் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை. எங்கள் வேலையில் விருந்தாளி அறையைக் காலி செய்ததும் விரிப்பை உருவிவிட வேண்டும், சூடு ஆறுவதற்குள் உருவு என்பார் மேஸ்திரி. நீ படி இறங்கினதும் என் கை அதைத்தான் செய்தது. நீ சார்ஜரை மறந்துவிட்டு ஓடி வந்தபோது, மெத்தை மொட்டையாகக் கிடக்கிறது, நான் உன் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். "என்னம்மா, அதுக்குள்ளயா" என்று கேட்டாய். "அடுத்த ஆள் கீழே காத்திட்டிருக்கார் சார், சீக்கிரம் காலி பண்ணுங்க" என்றேன். எல்லோரும் சிரித்தோம், நீயும் சிரித்தாய். நம் வீட்டில் யாராவது கிளம்பினால் இப்படித்தான். உன் அப்பா வெளியூர் வேலைக்குப் போனபோதும் அப்பாடா, இன்றைக்குத்தான் எனக்கு விடுதலை என்று சொல்லித்தான் அனுப்பினேன். அழுதுகொண்டே அனுப்பினால் போகிறவனுக்குக் கால் வராது என்று நானாகப் பழக்கிக்கொண்டது. விரிப்பை ஏன் அவ்வளவு அவசரமாக உருவினேன் என்றால், நீ படுத்து எழுந்த பள்ளம் அதில் அப்படியே இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் சாரைக் காலி பண்ணச் சொன்னேன்.

அது போகட்டும், அன்று சாயங்காலம் நீ போன் செய்தாயே, அதுதான் என்னைத் தின்கிறது. "என்னம்மா பண்றே, என் கட்டில் காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டாய். விமானம் ரத்தாகி, பையும் கையுமாக வெளியே நின்றுகொண்டு கேட்டிருக்கிறாய், வரட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறாய், இப்போது புரிகிறது. நான் என்ன சொன்னேன்? "காலியா? ஆள் வந்து படுத்தாச்சு. ரொம்ப நல்ல ஆள், உன்னை மாதிரி குறட்டை விடறதில்லை. திரும்பி வந்தியோ, தரைதான்" என்றேன். நீ சிரித்துவிட்டு, "சரிம்மா, ஏறப் போறேன்" என்றாய். உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். அந்த ஆள் உன் அப்பாதான். விரிப்பில்லாத மெத்தையில், சட்டையைக்கூடக் கழற்றாமல், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்று இங்கேயும் பேய்க்காற்று, மழை. இந்த மழையில் விமானம் பறக்குமா என்று ஒரு தாய் கேட்டிருக்க மாட்டாளா? எனக்குத் துணி காயாதே என்றுதான் தோன்றியது.

மருமகள் சொன்னதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வார லீவு அன்று பஸ் பிடித்து விமான நிலையத்துக்கே போய்விட்டேன், வீட்டில் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு. வெளிக்கூடத்தில் வரிசையாக இரும்பு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நடுவே கைப்பிடி, குறுக்கே சாயக்கூட முடியாது. உன் உயரத்துக்கு எப்படிப் படுத்தாய் என்று உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தேன். அகலத் துடைப்பம் தள்ளிக்கொண்டு வந்த ஒருத்தி, நான் எழுந்திருக்காததைப் பார்த்துவிட்டு, "யாருக்கா வர்றாங்க?" என்று கேட்டாள். என் பையன் என்றேன். "எந்த பிளேன்?" என்றாள். போன மழைக்காலத்து பிளேன் என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள், அப்புறம் என் முகத்தில் என்ன கண்டாளோ, பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அந்த மழையா? நாற்காலியில யாருக்கா படுத்தா, எல்லாரும் அந்தத் தூணுக்குப் பின்னாடி தரையிலதான் கிடந்தாங்க. நாங்க துடைக்கறப்ப காலைத் தூக்குங்க, காலைத் தூக்குங்கன்னு எழுப்பிட்டே இருந்தோம்" என்றாள். திரும்பி வந்தால் தரைதான் என்று சொன்னேன் பார். நீ திரும்பி வராமலே உனக்குத் தரையைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் காய்கறி எங்கே என்றார் உன் அப்பா. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் போய்க் கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போன வாரம் நீ, இந்தத் தடவை வரலைம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம், லீவு இல்லை என்றாய். நானும் வழக்கம்போல, நல்லதாப் போச்சு, அரிசி மிச்சம் என்றேன். லீவு நிஜமாகவே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் உனக்கு இங்கே இடம் இல்லை என்று விளையாட்டுக்குச் சொல்லிச் சொல்லி நிஜமாக்கிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. இந்த வருஷமே வா. நாலு நாள் போதும். விமானம் நின்றுபோனால் வெளியே வந்து வலது பக்கம் நட, பஸ் நிறுத்தம் அங்கேதான் இருக்கிறது, நான் பார்த்துவைத்துவிட்டேன். பஸ் இல்லையென்றால் அப்பா வருவார். நீ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று போன் செய்கிறவரை விரிப்பில் கை வைக்க மாட்டேன், மேஸ்திரியே வந்து சொன்னாலும் மாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். மருமகளிடம் நான் கேட்டதாகச் சொல், சமையலறையில் நீயும் ஒரு கை பிடி, நான் உன்னை வளர்த்த லட்சணம் அங்கே சந்தி சிரிக்க வேண்டாம். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல், நூறு வயசுக்கு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ போன் செய்வாய், நான் மறுபடியும் ஏதாவது கோமாளித்தனமாகத்தான் ஆரம்பிப்பேன், என்னை எனக்குத் தெரியும். நீ சிரிக்காதே. நடுவில் நிறுத்தி, அம்மா, எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு என்று நேராகச் சொல். அதற்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குப் பழக்கமில்லை, அழுதாலும் அழுதுவிடுவேன். அழுதால் போனை வைத்துவிடாதே கண்ணு, நான் முடிக்கிறவரைக்கும் இரு.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
உன் அம்மா