வாயில் உருண்ட மிட்டாய்

என் கண்ணான மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம், 'நன்றாக' என்று சேர்த்து எழுதினால் அம்மாவின் முழங்கால் கோபித்துக்கொள்ளும். நீ சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். போன வாரம் அண்ணன் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான், அண்ணி வரவில்லை, ஏன் என்று நாங்கள் கேட்கவும் இல்லை.

எனக்குத்தான் ரொம்ப அலுப்பாக இருக்கிறது. பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் இடத்துக்கு நான் போய்வருவது உனக்குத் தெரியும். என் குரல் தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருப்பதால் என்னை வாசிக்க விடவில்லை, மற்றவர்கள் வாசித்ததைப் புத்தகத்தோடு ஒத்துக் கேட்டுப் பிழை குறிப்பதுதான் என் பாடு. நாலு மணி நேரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வந்தால், வீட்டில் அம்மா பேசுவதிலும் பிழை குறிக்கத் தோன்றுகிறது, உயிருக்குப் பயந்து குறிப்பதில்லை. பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, வாசிக்க வந்துகொண்டிருந்த ஐந்து பேரில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், மிச்சப் பேரும் களைத்துப்போய்த்தான் வருகிறார்கள். ஆளுக்கொரு நேரம் என்பதால் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கக்கூட வழியில்லை. அதனால் அவரவர் புத்தகம் வைக்கும் அலமாரித் தட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது ஒரு சின்னப் பொருளை வைக்க ஆரம்பித்தேன், பெயர் எழுதவில்லை. வாசிக்க வருகிறவர்களில் ஒரு நர்ஸம்மா உண்டு, அவர் வாசிக்கும்போது நாற்காலி கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும், முதுகு வலிக்காமல் யாரும் அப்படி அசையமாட்டார்கள், அவருக்கு ஒரு திண்டு வைத்தேன். அடுத்த பதிவில் கிறீச் நின்றது, குரலும் கொஞ்சம் தெளிந்திருந்தது. பொருளாதாரம் வாசிப்பவர் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர், அத்தியாயம் முடிந்தால் எல்லாரையும் இறங்கச் சொல்வது போலத்தான் முடிப்பார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஒரு பொட்டலம் இருமல் மிட்டாய் வைத்தேன்.

மனுஷன் அதை வாயில் அடக்கிக்கொண்டே வாசித்திருக்கிறார். நாற்பத்திரண்டு பக்கத்திலும் அது பல்லில் பட்டுக் கடகடவென்று உருளுகிறது. போகட்டும் என்று விட்டுவிடவும் பார்த்தேன், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குக் காதுதானே புத்தகம், மனசு கேட்கவில்லை. மிட்டாயைக் கொடுத்த கையாலேயே பிழைச் சீட்டும் எழுதினேன். சீட்டைப் பார்த்தவர், இனிமே என்னால ஆகாது, வேற ஆளப் பாத்துக்கோங்க என்று புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம். பாதி புத்தகம் அந்தரத்தில் நிற்கிறது, வேறு ஆளும் இல்லை. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, உங்கள யாரு மிட்டாய் கேட்டா என்று அம்மா பிடித்துக்கொண்டாள்.

நேற்றுக் காலை அவர் வீட்டுக்கே போய், மிட்டாய் வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அது தெரியுமே சார் என்றார் அவர். என் தொண்டை கட்டினது கூடவே இருக்கிற மகனுக்கே தெரியல, உக்காந்து கேக்கிற ஆளுக்குத்தான தெரியும், நீங்களே குடுத்துட்டு நீங்களே தப்புன்னு எழுதிட்டீங்களேன்னுதான் கஷ்டமாயிருச்சு, நேர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்று மறுபடி வாசிக்க வந்துவிட்டார்.

அதனால் உன்னிடமும் நேராகவே கேட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாக இருக்கிறேன் என்று மூன்று தடவை சொன்னாய், மூன்று தடவையும் சொல்வதற்கு முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டாய். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கும் ஏதாவது ஒரு பார்சல் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். என்னம்மா ஆச்சு உனக்கு?

எதுவாக இருந்தாலும் நீ எங்கள் பிள்ளை, தீர்க்காயுசாக, மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று வரை அம்மா தூங்குவாள், அப்போது கூப்பிடு. நான் குறுக்கே பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா